கூடத்துப் பச்சோந்திகள்

"அண்ணன் தாம்பூலத்தோட வர்ற அன்னிக்காவது இதையெல்லாம் அவுத்துப் போடுங்களேன்!"

காலையிலிருந்து முத்துமாரியம்மாள் இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொண்டே வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

ஆத்மநாதன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. ஸ்டூல் மேல் நின்று, உத்தரத்திலிருந்து ஜன்னலுக்குத் தேங்காய் நார்க் கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். சர்வே ஆபீசில் படம் வரைகிற உத்தியோகம். திருக்கோகர்ணத்து வீட்டுக் கூடத்தையும் அளந்து படம் போட்டு, ஒரே மாதத்தில் காடாக்கிவிட்டார்.

மூலைக்கு மூலை குரோட்டன்ஸ் தொட்டி. சுவரில் சாத்திய கொய்யாக் கிளைகள். கிளைக்குக் கிளை கயிறு. அதில் இரண்டு பச்சோந்திகள் இஷ்டம்போல் உலாத்தின.

"ஒரு கூண்டுல போட்டு அடைச்சுத் தொலைக்கக் கூடாதா?"

"கூண்டுல தீனி எடுக்காது முத்து. வெயில் வேணும், எலை வேணும். கிண்ணத்துல தண்ணி வெச்சா திரும்பிப் பாக்காது. எலையில சொட்டுனாத்தான் நக்கும்."

அதற்கும் ஏற்பாடு இருந்தது. அடியில் துளையிட்டுத் திரி செருகிய மண்கலயம் உத்தரத்தில் தொங்கியது. சொட்டு, சொட்டென்று சத்தம். அவளுக்கு நெஞ்சுக்குள் சொட்டுவதுபோல் இருந்தது.

"நடுவுல எதுக்கு எம் பழைய சேலையைத் தொங்க விட்டிருக்கீங்க?"

"ரெண்டும் ஆண். ஒண்ணை ஒண்ணு பாத்தா ஆகாது."

"உங்களுக்கும் எங்க அண்ணனுக்கும் ஆகாத மாதிரியாக்கும்."

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

விராலிமலை தங்கமுத்து அவளுக்கு ஒரே அண்ணன். பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சமிருப்பது அவர் வாசல் ஒன்றுதான். அவருக்கு இரண்டு மகன்கள், இவளுக்கு இரண்டு மகள்கள். "மூத்தவனுக்கு மூத்தவ, இளையவனுக்கு இளையவ" என்று பிள்ளைகள் தொட்டிலில் கிடக்கும்போதே சொல்லி வைத்தவர். தாய்மாமன் உரிமை. பெண் வீட்டார் மாட்டோம் என்றால் அந்த வாசல் அன்றோடு மூடிவிடும்.

மூத்தவள் பிரகதாம்பாளுக்கு டீச்சர் டிரெயினிங்கில் இடம் கிடைத்திருந்தது. சொன்னதற்கு அண்ணன் சிரித்தார்.

"எம் மகனுக்கு வாத்தியாரம்மாவா வேணும்? மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆளிருந்தாப் போதும்."

அன்றிலிருந்து பிரகதா வீட்டில் யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. பெற்றவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்து என்ன செய்ய?

இப்போதைய கவலை வேறு. அண்ணன் சின்ன வயதில் கழுத்தில் பச்சோந்தி விழுந்து, பயந்துபோய்க் காய்ச்சலில் படுத்தவர். இன்றைக்கும் மரத்தடியில் உட்கார மாட்டார். கல்யாணமான புதிதில் இதைச் சிரிக்கச் சிரிக்கப் புருஷனிடம் சொல்லியிருக்கிறாள். இந்த மனுஷனுக்கு எது ஞாபகத்தில் நிற்கிறது!

அண்ணன் உட்கார நாற்காலியை இழுத்து வாசலோரம் போட்டாள்.

"அங்கிட்டு வெயில் அடிக்கும்" என்று அவர் திரும்பக் கயிற்றுக்கு அடியில் கொண்டுபோய்ப் போட்டார்.

மறுபடி இழுக்கப் போனாள். அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம்.

"வாங்கண்ணே! வாங்கண்ணி!"

"வாங்க மச்சான். இப்பிடி உக்காருங்க. இதுதான் காத்தோட்டமான இடம்" என்று ஆத்மநாதன் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

தங்கமுத்து உட்கார்ந்தார். பிரகதா மோரை வைத்துவிட்டு, நிமிராமல் உள்ளே போனாள்.

"என்ன மாப்ள, கூடத்துல ஒரே செடியா இருக்கு?"

அவர் வழுக்கையில் ஒரு சொட்டு விழுந்தது. துடைத்துக்கொண்டே மேலே பார்த்தார்.

முகத்துக்கு நேரே கயிற்றில் ஒன்று முன்னும் பின்னும் ஆடி ஆடி வந்துகொண்டிருந்தது. ஒரு கண் தாம்பூலத் தட்டின் மேல் உட்கார்ந்த ஈயைப் பார்த்தது. மறு கண் அவரைப் பார்த்தது.

அப்புறம் நாக்கு நீண்டது.

மோர்ச் செம்பு ஒரு பக்கம், தட்டு ஒரு பக்கம். தங்கமுத்து தெருவில் நின்றார்.

"மனுசன் இருக்கிற வீடாய்யா இது?"

"ஒண்ணும் செய்யாது மச்சான். பிரகதா கல்யாணமாகிப் போகையில இதுகளையும் கூட அனுப்பலாம்னு..."

"அடி ஆத்தீ!" என்றாள் அண்ணி.

"முத்து, உம்மேல எனக்கு வருத்தமில்லத்தா. நீ எப்பவும் போல நம்ம வீட்டுக்கு வந்து போ. ஆனா இந்தக் கிறுக்கன் வளத்த பொண்ணு எம் மகனுக்கு வேணாம். வேற எடம் பாத்துக்கங்க."

அவர்கள் போன பிறகு முத்துமாரியம்மாள் சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். உள்ளே பிரகதா, மாமா ஓடியதைத் தங்கை ஞானமணிக்குச் சொல்லி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! அழுகை பாதியில் நின்றது.

நிமிர்ந்து பார்த்தாள். ஆத்மநாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நீளமான குச்சியை நீட்டி, பச்சோந்தியை அதில் ஏறவைக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்.

"கையால எடுக்க வேண்டியதுதானே? உங்க செல்லப்பிள்ளைதானே?"

"அட நீ வேற. இதைக் கண்டாலே எனக்கு உடம்பெல்லாம் கூசுது."

அவள் வெறித்துப் பார்த்தாள்.

"இந்தச் சம்பந்தம் வேணாம்னு நான் சொன்னா, உனக்கு அண்ணன் வீடு இல்லாமப் போயிரும். அதான், அவரையே சொல்ல வெச்சேன். நாளைக்கு இதுகளைக் கொண்டுபோய் மரத்துல விட்டுறேன். கூடத்தையும் ஒழிச்சுக் குடுத்துறேன்."

முத்துமாரியம்மாள் எழுந்து முகத்தைத் துடைத்தாள். ஸ்டூல் மேல் ஏறிக் கலயத்தை எட்டிப் பார்த்தாள். தண்ணீர் வற்றியிருந்தது. ஒரு செம்பு கொண்டுவந்து ஊற்றினாள்.

"இருக்கட்டும், அவுக்காதீங்க. ஞானமணி இப்பத்தானே எட்டாவது படிக்கிறா."