ஆணிச் சோதனை

தடித்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆணி. இந்தப் பக்கம் அவள் மேசை. அவளுக்குப் பின்னால் ஆறு பேர் வந்து நின்றார்கள். ஆறாவது ஆள் அவளுடைய அண்ணன்.

அது இங்கே யாருக்கும் தெரியாது. உள்ளே வரும்போதே சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வணக்கம் மேடம்" என்றான். அவளும் தலையை ஆட்டிவைத்தாள்.

ஐந்நூறு பள்ளிப் பேருந்துகள் வாங்கப்போகிறார்கள். அவற்றுக்கு எந்த பேட்டரி என்பது, ஆணியால் குத்தினால் எது தீப்பிடிக்கிறது என்று பார்த்து இன்று முடிவாகும். நிக்கல் போட்டது அதே எடையில் அதிக தூரம் ஓடும். இரும்பு போட்டது அவ்வளவு ஓடாது. ஆனால் லேசில் தீப்பிடிக்காது.

கார் கம்பெனிகள் ஒவ்வொன்றாக இரும்புக்கு மாறிவிட்டன. அண்ணன் வேலை பார்க்கும் நிக்கல் ஆலையில் மூன்று உலைகளில் இரண்டு ஆறிப்போய்க் கிடக்கின்றன. மூன்றாவது அவனுடையது. பேருந்தும் கைநழுவினால் அதையும் அணைத்துவிட்டு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தொழிலாளி ஒருவன் முகமும் தெரியட்டும் என்று ஆலை மேலாளர் அவனை இழுத்துக்கொண்டு வந்திருந்தார்.

அவன் அவளிடம் எதையும் கேட்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவள் அவன் வீட்டுக்குப் போனபோது, ஐம்பது வயதுக்காரனை எவன் வேலைக்கு எடுப்பான், உன் ஆபீஸ் வாசலில் காவலுக்கு ஆள் தேவைப்பட்டால் சொல், தினமும் உனக்கு சல்யூட் அடிக்கிறேன் என்று சொல்லிச் சிரித்தான். அண்ணி சிரிக்கவில்லை.

முதலில் இரும்பு பேட்டரியின் ஒரு செல். ஆணி இறங்கித் துளைத்தது. ஈர விறகு மாதிரி கொஞ்சம் புகைந்து அடங்கியது.

அடுத்தது நிக்கல். இந்த ரகத்தை அவள் ஆறு வருடமாகக் குத்துகிறாள். ஆணி பட்ட மூன்றாவது விநாடி தீ பீய்ச்சும்.

ஆணி இறங்கியது. மூன்று விநாடி ஆயிற்று. பத்து ஆயிற்று. புகைகூட வரவில்லை.

மேலாளர் விட்ட மூச்சில் கண்ணாடி மங்கியது. இரும்பைவிட இது பரம சாதுவாக இருக்கிறதே என்றார் பேருந்து வாங்கும் குழுவின் தலைவர். பேனாவைத் திறந்தார்.

எல்லோரும் செல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மட்டும் மேசைமேல் இருந்த திரையைப் பார்த்தான். குத்துவதற்கு முன் எடுத்த வோல்ட் அளவு அதில் அப்படியே நின்றது. முன்பொருமுறை பக்கத்து உலையில் மீட்டர் காட்டியதை ஒருவன் கவனிக்காமல் விட்டதில் இரண்டு பேர் வெந்துபோனார்கள். அதிலிருந்து அவன் முதலில் பார்ப்பது மீட்டரைத்தான்.

"மேடம், இது மூணு புள்ளி ஆறுதான் காட்டுது. ஃபுல் சார்ஜ்னா நாலு புள்ளி ரெண்டு இருக்கணும்ல? பாதி வயித்துக்காரனைக் குத்தினா அவன் எங்க எரியப் போறான்."

அந்தக் கணக்கை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

மேலாளர் அவனைப் பார்த்த பார்வையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பதே பற்றிக்கொண்டிருக்கும். தலைவர் பேனாவை மூடினார். இது எப்படி நடந்தது என்று அவளைக் கேட்டார்.

அண்ணன் முந்திக்கொண்டான். "இத்தனை பேர் முதுகுக்குப் பின்னாடி நின்னா யாருக்குத்தான் கை தடுமாறாது சார். பக்கத்துல இருந்ததை எடுத்துட்டாங்க போல. வேற ஒண்ணு வச்சுப் பாத்துடலாம்."

சொல்லும்போது அவள் பக்கம் திரும்பவே இல்லை.

அவள் மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்தாள். காலையில் விதிப்படி முழுதாகச் சார்ஜ் ஏற்றி, தேதி எழுதி ஒட்டி, பிறகு அவளே கையுறைகளுக்கு அடியில் தள்ளிவைத்த நிக்கல் செல் அங்கே இருந்தது.

எடுத்துப் பொருத்தினாள். திரையில் நாலு புள்ளி இரண்டு என்று வந்தது.

அண்ணன் உலைக்கு முன்னால் நிற்பதைப் போலக் காலை அகட்டி நின்றுகொண்டான்.

"இப்ப குத்துங்க மேடம்."

அவள் பொத்தானை அழுத்தினாள்.