பட்டாவில் ஒரே பெயர்

“என் பேரை எழுதாதீங்க மேடம். எனக்கும் இந்த வீட்டுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல.”

பெயிண்டர் இப்படிச் சொன்னதும் சர்வேயர் அம்மாவுக்குச் சுருக்கென்றது. காலையிலிருந்து வாய்க்கால் ஓரத்து வீடுகளை அளந்து அளந்து அவர் ஏற்கெனவே அலுத்துப்போயிருந்தார்.

விஷயம் இதுதான். எப்போது யார் வந்து இடிப்பார்களோ என்று இத்தனை காலம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்த தெரு அது. இப்போது பட்டா கிடைக்கப்போகிறது. கணவன் மனைவி இருவர் பேரிலும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். கணவன் சேர்ந்து வாழவில்லை என்றால் மட்டும் மனைவி பேரில் தனியாக. அதற்கு அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும்.

“என்னய்யா சொல்றே? நீ இந்தம்மா புருஷன்தானே?”

“அது ஒரு காலத்துல.”

உள்ளே தையல் மிஷின் நின்றது. பள்ளிக்கூடப் பைகளின் குவியலைத் தாண்டிக்கொண்டு அவன் மனைவி எழுந்து வந்தாள்.

“மேடம், இவருக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு. நீங்க ரெண்டு பேர் பேரையும் போடுங்க. கல்யாணப் பத்திரிகைக்கு அப்புறம் எங்க பேரு ஒண்ணா எங்கயும் வந்ததில்ல.”

“அதெல்லாம் பழைய கதை மேடம். நான் எப்பவாவது வருவேன், சாப்பிடுவேன், போயிடுவேன்.”

கொடியில் அவனுடைய சட்டைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. சர்வேயர் அதைக் கவனிக்காமல் இல்லை. தின்றுவிட்டுப் போவது போதாதென்று துவைக்கவும் போட்டுவிட்டுப் போகிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

“அப்ப எங்கதான் இருக்கே?”

“அங்க, இங்க. அதெல்லாம் வெளிய சொல்ற இடமில்ல, விட்டுடுங்க.”

மனைவியின் முகம் செத்துப்போயிற்று. “யோவ், என்னய்யா பேசறே நீ? நேத்துகூட இங்கதானே…” பாதியில் விட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது, படு வேகமாக.

சர்வேயருக்கு ரத்தம் கொதித்தது. வாசலில் கூடியிருந்தவர்களைப் பார்த்து, “இந்த ஆள் இங்க குடியிருக்கறதில்லைன்னு யாராவது சாட்சி சொல்வீங்களா?” என்று கேட்டார்.

அவர் கேட்டு வாய் மூடவில்லை, எதிர்வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டு அக்காவும் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள்.

“இவனா? மூஞ்சியப் பார்த்தே பல மாசமாச்சு மேடம்!”

சொல்லிவிட்டு அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பாவம், அழுகிறாள் என்று நினைத்தார் சர்வேயர்.

மனைவி பேர் மட்டும் ஏறியது.

“வெக்கமா இல்லய்யா உனக்கு? அந்தம்மா ராப்பகலா மிஷின் மிதிக்குது. நீ வந்து உக்காந்து தின்னுட்டுப் போறே. உன்னை மாதிரி ஆளுங்களுக்காகத்தான் சட்டத்துல இப்படி ஒரு வழி வச்சிருக்காங்க.”

“ரொம்ப நல்ல சட்டம் மேடம்” என்றான் பெயிண்டர்.

கொழுப்பைப் பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

கடைசி வீட்டையும் அளந்துவிட்டு, தெருமுனைக் கடையில் டீ சொல்லி உட்கார்ந்தபோது சர்வேயருக்கு மனசு நிறைந்திருந்தது. நாளைக்கு எவனும் அந்தப் பெண்ணை வெளியே போடி என்று சொல்ல முடியாதே! அது தன் கையால் நடந்தது என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும்கூட.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

“டேய் தம்பி, பட்டா கைக்கு வந்ததும் நேரா எங்கிட்ட கொண்டு வா. அடமானம் வச்சு ஒரு தொழில் பண்ணப்போறேன். இந்தத் தடவை விட மாட்டேன் பாரு!”

“பட்டா என் பேர்ல இல்லையேண்ணே.”

சர்வேயர் திரும்பிப் பார்த்தார். பெயிண்டர்தான். அவன் தோளில் கைபோட்டபடி மொடமொட சட்டையில் அவன் அண்ணன்.

“யாருகிட்டடா கதை விடறே? ரெண்டு பேர் பேரும்தானே போடுவாங்க?”

“என் பேரை எடுத்துட்டாங்கண்ணே. அளக்க வந்த மேடம் பொல்லாத கோவக்காரி.”

“சரி, உன் பொண்டாட்டிய கையெழுத்துப் போடச் சொல்லு. நீ சொன்னா தட்ட மாட்டாளே.”

“காலையில இருந்து அவ என் மூஞ்சியவே பாக்கலண்ணே. எங்க போய்ச் சொல்றது?”

சொல்லி முடித்தபோதுதான் அவன் சர்வேயரைக் கவனித்தான். திருதிருவென்று விழித்தான். அண்ணனும் பார்த்துவிட்டார்.

“ஓ, மேடம் நீங்கதானா? குடும்பத் தலைவன் பேரை எப்படிங்க எடுக்கலாம்?”

சர்வேயர் டீயை ஒரு வாய் உறிஞ்சினார்.

“நான்தான் எடுத்தேன். உங்க தம்பிக்கு அங்க ஒரு செங்கல்கூடச் சொந்தமில்ல. மேல பேசணும்னா ஆபீசுக்கு வாங்க.”

அண்ணன் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே பைக்கை உதைத்துக் கிளம்பிப் போனார். பெயிண்டர் அப்பாடா என்று பெஞ்சில் உட்கார்ந்தான்.

“அந்தம்மாவை இப்படி அழ வச்சுட்டீங்களே. முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொன்னா ஒத்துக்கவே மாட்டா மேடம். ரெண்டு பேர் பேரும் ஒண்ணா இருக்கணும்னு அவளுக்கு அப்படி ஒரு ஆசை. இப்பப் போய்க் கால்ல விழுந்துடறேன்.”

“அண்ணன்கிட்ட முடியாதுன்னு சொன்னா தீர்ந்துபோச்சு. அதுக்கா இத்தனை கூத்து?”

பெயிண்டர் தலையைச் சொறிந்தான்.

“அப்பா விட்டுட்டுப் போன வீட்டை விக்கணும்னாரு, கையெழுத்துப் போட்டேன். அவ கட்டிக்கிட்டு வந்த நகையக் கேட்டாரு, கழட்டிக் குடுத்தேன். அண்ணன் கேட்டா எனக்கு இல்லைன்னு சொல்ல வாய் வராது மேடம். அதான், இனிமே கேக்கறதுக்கு எங்கிட்ட எதுவுமே இல்லாம பண்ணிக்கிட்டேன்.”