விரல் இடுக்கு

பெரிய டாக்டர் மேடையிலேயே சொறிந்தார்.

மேசைக்குக் கீழே கையை விட்டாவது சொறிந்திருக்கலாம். அதெல்லாம் தோன்றவில்லை. மைக்கைப் பிடித்திருந்த கையை இன்னொரு கை பிறாண்டியது.

எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் சும்மா ஆட்களும் இல்லை. ஹால் நிறைய தோல் டாக்டர்கள். விரல் இடுக்கு, மணிக்கட்டு, நடுவில் ஒரு தடவை இடுப்பு. கடைசி வரிசையிலிருந்தே கண்டுபிடித்துவிட்டார்கள்.

"சிரங்குய்யா!"

"சங்கத் தலைவருக்கேவா?"

"அடுத்த தீர்மானம் அதுதான் போல. ஆளுக்குக் கொஞ்சம்."

ஒரே சிரிப்பு.

அன்றைக்குத் தலைவர் தேர்தல். பெயருக்குத்தான் தேர்தல். தோல் மருத்துவர் சங்கம் என்றாலே பெரிய டாக்டர்தான். வெள்ளையாக்கும் கிரீம் விளம்பரத்தில் எந்த டாக்டரும் முகம் காட்டக் கூடாது என்று மல்லுக்கட்டித் தீர்மானம் போட வைத்தவர். இந்த முறையும் அவர் பெயரைச் சொல்லி, கை தட்டி, சாப்பிடப் போக வேண்டியதுதான் பாக்கி.

அப்போது செயலாளர் எழுந்தார்.

அவருக்குத் தலைவர் நாற்காலி மேல் ஒரு கண். காலையில் டீ குடிக்கும்போது ஒருவர் "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டதற்குக்கூட, "வெளிநாட்டுல தங்கச்சி வீட்டுல ராணி மாதிரி இருக்காங்க. நான்தான் இங்க செயலாளராவே கிழவனாகப் போறேன்" என்றுதான் பதில் சொன்னார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. சிரங்கு காத்துல வராது. தொட்டுப் பழகினாத்தான் வரும். வீட்டுல நீங்க தனி ஆள். எங்கேர்ந்து வந்துச்சு?"

பின்னால் யாரோ விசில் அடித்தார்கள்.

"ஒரு நோயாளிகிட்டேர்ந்து."

"கையுறை இல்லாம யாரையும் தொடக் கூடாதுன்னு சங்கத்துக்கே விதி போட்டது நீங்கதானே சார்? உங்க கிளினிக்ல எப்படி?"

"கிளினிக்ல இல்ல. வெளியில ஒரு இடம்."

"அந்த இடத்துக்குப் பேர் இல்லையா?"

பெரிய டாக்டர் வாயைத் திறந்தார். செயலாளர் முகத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

முன் வரிசையில் சின்ன டாக்டர் துடித்துப் போனாள். அவரிடம் தொழில் கற்றவள். "சொல்லிடுங்க சார்! எங்கேன்னு சொன்னா முடிஞ்சுது!"

"அதைச் சொல்றதுக்கில்லம்மா. என் பேரை எடுத்துடுங்க."

அவ்வளவுதான். சாப்பாட்டுக்கு முன்பே செயலாளர் தலைவர் ஆகிவிட்டார்.

பெரிய டாக்டர் வாழ்த்துச் சொல்லக் கை நீட்டினார். "மருந்து போட்டாச்சு, ஒட்டாது. அரிப்பு அடங்கத்தான் கொஞ்ச நாள் ஆகும்."

அது புதுத் தலைவருக்கும் தெரியும். படித்த பாடம்தானே? இருந்தாலும் ஓர் அடி பின்னால் போய்த் தலையை மட்டும் ஆட்டினார்.

மறுநாள் காலையில் சின்ன டாக்டர் பெரிய டாக்டர் வீட்டு வாசலில் நின்றாள். சண்டை போடத்தான் வந்திருந்தாள்.

"ஆளாளுக்கு அசிங்கமா பேசறாங்க சார். கேட்டுட்டுச் சும்மா இருக்க முடியல. யாரு அந்த நோயாளி?"

"வண்டில ஏறு."

வண்டி ஒரு முதியோர் இல்லத்தில் போய் நின்றது. உள்ளே வரிசையாகக் கட்டில்கள். எல்லாக் கட்டிலிலும் சொறிகிற சத்தம். கொல்லைப்புறத்தில் போர்வைகள் வெந்நீரில் கொதித்துக்கொண்டிருந்தன. பெரிய டாக்டர் சட்டைக் கையை மடித்துவிட்டு மருந்துப் புட்டியை எடுத்தார்.

"சார், கையுறை?"

"போட்டுப் பார்த்தேன். 'எங்களைத் தொடக்கூட அருவருப்பா இருக்கா'ன்னு அழுதுட்டாங்க."

அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது. "இதைச் சொல்லியிருந்தா ஹாலே எழுந்து நின்னு கை தட்டியிருக்கும்!"

"தட்டிட்டு, மறுநாளே எல்லாரும் இங்க வந்து நிப்பாங்க. கேமராவோட."

"வரட்டுமே! அதுல உங்களுக்கு என்ன சார் நஷ்டம்?"

"எனக்கு ஒண்ணுமில்ல" என்றபடி மூலைக் கட்டிலில் போய் உட்கார்ந்தார். அதிலிருந்த வயதான அம்மா சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

"நான் இங்க இருக்கறதை யார்கிட்டயும் சொல்லலையே டாக்டர்? தெரிஞ்சா என் பையனுக்குத் தலைக்குனிவு."

"சொல்லலம்மா."

"அவன் நல்லா இருக்கானா?"

அந்த அம்மாவின் விரல் இடுக்கில் மருந்தைத் தேய்த்தபடியே பெரிய டாக்டர் சொன்னார்:

"ரொம்ப நல்லா இருக்கார்மா. நேத்துதான் எங்க சங்கத்துக்குத் தலைவர் ஆனார்."