பனி கொட்டும் மாதம்

டிராவல்ஸ் அலுவலகப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை.

"மே மாசம் போங்கம்மா. ஊரே பூத்துக் குலுங்கும்."

"வேணாம்மா," என்றார் எதிரே கணவரோடு உட்கார்ந்திருந்த அம்மாள். "பனி எப்போ அதிகமா கொட்டும்?"

"ஜனவரியில. நீங்க தங்கப்போற மூணு மாசமும் வீட்டுக்குள்ளேயே அடைஞ்சு கிடக்கணுமே!"

"அப்போ ஜனவரிக்கே டிக்கெட் போடும்மா," என்றார் கணவர், முகமெல்லாம் சிரிப்பாக.

விளையாடுகிறார்களோ என்று அவளுக்குச் சந்தேகமே வந்துவிட்டது. "போன தடவை நான்தானே உங்களைக் கோடையில அனுப்பினேன். ஊர் பிடிக்கலையா?"

"ஊரை நல்லாத்தான் பார்த்தோம். மகனைத்தான் பார்க்க முடியலை," என்றார் அம்மாள். "கட்டட வேலையில இருக்கான். விடியறதுக்குள்ள போயிடுவான், நாங்க தூங்கினப்புறம்தான் வருவான். பனி கொட்டினா வேலையை நிறுத்திடுவாங்களாம். புள்ள எங்களோட வீட்டுல இருப்பான்."