மூடியளவு

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்துவிட்டது. சரோன்னோ நகரில் அத்தை வீட்டுச் சமையலறைக்குள் சாய்ந்து விழும் வெயில் அமரெத்தோ மதுப் புட்டிக்குள் நுழைந்து, மேசைவிரிப்பில் தேன் நிறக் கட்டமாய் நடுங்குகிறது. ஒர்டென்சியா அத்தை, பாதியாக வெட்டி பிஸ்கட் தூள் அடைத்த பீச் பழங்களின் மேல் ஒவ்வொரு கரண்டி அந்த மதுவை ஊற்றுகிறாள். பாதாம் வாசனை கிளம்புகிறது. எதிரே கில்டோ மாமா. இதய ஆபரேஷன் முடிந்து ஏழு வாரம். மதுவைத் தொடக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. ஆயுளில் இனிப்பைச் சீண்டாத மனிதர், அரைமணி நேரமாகப் பீச் பழங்களைப் பக்தியோடு பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"டாக்டர் பழம் சாப்பிடச் சொன்னாருல்ல, ஒர்டென்சியா? இது ஏப்ரிகாட் கொட்டையில எடுக்கிறது. பழத்துக்கு நெருங்கின சொந்தம்."

"ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல ஆறு மணி நேரம் உக்காந்தவ நான். எந்தச் சொந்தமும் வரல. ஊத்தாத பழம் அதோ இருக்கு, தின்னு."

மாமா கண்ணாடியைக் கழற்றி, சுத்தமாகத்தான் இருக்கிறது என்றாலும், துடைக்கிறார். கரண்டி நிற்கிறது. அத்தை புட்டியின் மூடியை மல்லாத்தி வைத்து, அடி நனையுமளவு அதில் விடுகிறாள். மாமா பக்கம் தள்ளிவிட்டுச் சன்னலுக்குத் திரும்பிக்கொள்கிறாள்.

"முற்றத்துல எத்தனை புறா பாருடா," என்கிறாள் என்னிடம். "மெதுவா எண்ணு."

மாமா மூடியை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார். முற்றத்தில் ஒரு புறாகூட இல்லை. நானும் அத்தையும் பதினான்குவரை எண்ணிவிட்டோம்.