பூசைத் துணி

"கூடையைத் திற!"

நேசம் கூடையைச் சோதனைச் சாவடி மணல் மூட்டைகளின் மேல் வைத்தாள். மேலே விரித்திருந்த பீடத் துணியைச் சிப்பாய் துவக்கு முனையால் விலக்கினான். அடியில் சுருண்டு கிடந்த ஈரத் துணிகள் எல்லாம் சிவப்பு.

"இதென்ன?" என்று சிங்களத்தில் கத்தினான். அந்தச் சத்தத்துக்கு இன்னும் இரண்டு பேர் ஓடி வந்தார்கள்.

"வைன், மாத்தயா. பூசை வைன்." கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவளுக்குச் சிங்களம் தடக்குவதில்லை. இன்றைக்கு ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பேசினாள். "பூசை வைச்ச சுவாமியின்ர கை தட்டுப்பட்டுப் பாத்திரம் கவிண்டு போச்சு. அரைவாசி அலசேக்க பைப்பில தண்ணி நிண்டிட்டுது. அதுதான் கோயில் கிணத்தடிக்குக் கொண்டு போறன்."

வேதக் கோயில் துணி துவைப்பது நேசத்துக்கு ஒரு வேலையே இல்லை. இத்தனை வருசத்தில் அந்தத் துணிகளோடு அவள் ஒருநாளும் மல்லுக்கட்டியதில்லை. சவர்க்காரம் போட்டு, நீலத்தில் முக்கிக் காயப்போட்டால் பூப்போல வெளுத்துவிடும்.

ஆனால் இது கோட்டைப் பக்கம் குண்டு வெடித்த கிழமை. ஆஸ்பத்திரியில் காயத்தோடு கிடந்த தமிழ்ப் பெடியன்களைக் கட்டிலில் வைத்தே பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று ஒழுங்கையெல்லாம் கதை. துறைமுகத்தில் வேலை செய்கிற அவளுடைய தம்பி சிறில் அன்றையிலிருந்து வாசலைத் தாண்டவில்லை. தாய் தகப்பன் போன பிறகு அவளுக்கென்று மிஞ்சியது அவன் ஒருவன்தான்.

கொட்டிலுக்குள்ளிருந்து அதிகாரி வந்தான். கூடைக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"ஒரு பாத்திரம் கவிண்டு இவ்வளவு துணியா? ஆருக்குப் பேய்க்காட்டுறாய்? உன்ர வீடு எங்க?"

"மாத்தயா, மாதா சத்தியமா..." என்று தொடங்கினாள்.

"வீட்டைக் காட்டு. போய்ப் பாப்பம்."

தவக்காலத்தில் வாசிக்கிற ஒலிவத் தோட்டக் கட்டம் எங்கிருந்தோ நேசத்தின் மனதில் வந்து விழுந்தது. இந்தப் பாத்திரத்தை என்னிடமிருந்து எடுத்துவிடும் என்று ஆண்டவர் வேர்க்க வேர்க்கக் கெஞ்சினார். அவருக்கே எடுபடவில்லை. எனக்கா எடுபடப்போகிறது?

"தமெல்!" அதிகாரி திரும்பிக் கூப்பிட்டான். "நீ கத்தோலிக்கன்தானே? வந்து இதைப் பார்."

வீதியை மறித்திருந்த தகரப் பரல் அருகே நின்ற ஒல்லியான சிப்பாய் வந்தான். கழுத்துப் பட்டிக்குள் செபமாலைக் கயிறு தெரிந்தது. ஒரு துணியை எடுத்து விரித்தான், மூக்கருகே கொண்டு போனான். பிறகு நேசத்தின் முகத்தைப் பார்த்தான். அவளால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்லு, இது வைனா?"

"இல்லை, சேர்."

நேசம் மணல் மூட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"இது இரத்தம்."

துவக்குகள் அவள் பக்கம் திரும்பின.

"எங்கட வேதப்படி சொல்றன், சேர்." தமெல் நிதானமாகத் துணியை மடித்தான். "பாடுபடுறதுக்கு முதல் நாள், கடைசிச் சாப்பாட்டில யேசு வைன் பாத்திரத்தை எடுத்து, இது தன்ர இரத்தம் எண்டு சொல்லித்தான் சீடர்களுக்குக் குடுத்தவர். பூசையில சுவாமி அந்த வார்த்தையைச் சொன்ன பிறகு நாங்கள் அதை வைன் எண்டு சொல்றதில்லை. சிந்தினால் துடைச்ச துணியைக் கண்ட இடத்தில கழுவவும் ஏலாது. அந்தத் தண்ணி கோயில் மண்ணிலதான் விழவேணும். அம்மா சொல்றது சரிதான்."

அதிகாரி கூடையைத் தொட்ட கையைப் பார்த்தான். பிறகு அதைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"சரி, சரி. சாமி விசயம். அனுப்பிவிடு."

நம்பிவிட்டார்கள், மாதாவே, நம்பிவிட்டார்கள். நேசத்துக்கு அங்கேயே குந்தியிருந்து அழவேண்டும் போலிருந்தது. துணிகளைக் கண்டபடி கூடைக்குள் திணிக்கத் தொடங்கினாள்.

தமெல் அவற்றை வாங்கி ஒழுங்காக அடுக்கினான். சிவப்புத் துணிகளை அடியில் வைத்து, பீடத் துணியால் நான்கு பக்கமும் இறுக்கி மூடினான். கூடையைத் தானே தூக்கிக்கொண்டு பரல்களுக்கு அப்பால்வரை அவளோடு நடந்தான்.

"பெரிய உதவி, மாத்தயா. ஆண்டவர் உங்களைக் காப்பாத்துவார்" என்று சிங்களத்தில் சொல்லிக் கூடையை வாங்கக் கை நீட்டினாள்.

அவன் உடனே கொடுக்கவில்லை. அதிகாரி கொட்டிலுக்குள் போகும்வரை பார்த்து நின்றான். பிறகு, அவள் வந்த ஒழுங்கையைக் கண்ணால் காட்டி, சிலாபப் பக்கத்துத் தமிழில் மெல்லச் சொன்னான்.

"பின்னேரம் அந்தத் தெருவுலதான் சோதன. காயம்பட்டவர இப்பவே வேற எடத்துக்குக் கொண்டு போங்க."

நேசம் சுற்றிவரப் பார்த்தாள்.

"என்ன காயம்? ஆருக்குக் காயம்? அது வைன், தம்பி!"

அவன் கூடையை அவள் கையில் கொடுத்தான்.

"உங்க கோயில்லதாம்மா நான் ஞாயிறு பூச காணுறது. அங்க வைன் வெள்ள."