மூணாவது கதை

இந்த வாரம் முழுக்க, தையல்கடையிலிருந்து மத்தியானம் வரும் அப்பா, சாப்பிட்ட கையோடு டிவி ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். கேட்டால், "கடைக்குப் போறதுக்கு முன்னாடி கொஞ்சம் கண் அசர்றேன்" என்கிறார்.

என்ன அசரல் என்று என் போன் காட்டிக்கொடுத்துவிட்டது. டிவியில் ஓடுவது என் அக்கவுண்ட்; எதைப் பார்த்தாலும் என் போனில் தெரிந்துவிடும்.

பெரியவர்களுக்கு மட்டும் என்று போட்டு வருகிற இந்தி சீரிஸ். புது சீசன். ஒவ்வொரு எபிசோடும் தனித்தனிக் கதை. அப்பா பார்ப்பது மூணாவதை மட்டும். அதிலும் ஒரே இடத்தை, திரும்பத் திரும்ப.

அப்பாவுக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது.

நேராக அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மூடி மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. பள்ளிக்கூடம் போதும் என்று நின்றதையே நேராகச் சொல்லி அடி வாங்கியவள் நான்.

"உங்கப்பாவா? படத்துல முத்தம் குடுக்கப் போனாலே சேனல் மாத்துற ஆளாச்சேடி!"

"மாத்தினதையெல்லாம் சேர்த்து வெச்சு இப்பப் பாக்குறார் போல."

"வாயிலயே போடுவேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரெண்டு வருஷம் முன்னால், அப்பாவிடமே தையல் பழகிய அக்கா, "சினிமாவுக்கு டிரெஸ் தைக்கப் போறேன்" என்றாள். "அரைகுறையா ஆடுறவங்களுக்குத் துணி தைக்கிறவ என் பொண்ணே இல்ல" என்று வாசலைக் காட்டியவர் இதே அப்பாதான். போனவள் போனவள்தான். ஒரு போன் இல்லை. எங்கே இருக்கிறாள், சாப்பிட்டாளா, ஒன்றும் தெரியாது. அம்மா இன்னும் அவள் தட்டையும் சேர்த்துக் கழுவி வைக்கிறாள்.

கதவைத் தள்ளினேன். அம்மா என் பின்னால்.

டிவியில் படம் நின்றுகொண்டிருந்தது. திரை முழுக்க ஒரு நடிகையின் முதுகு. அதில் மூக்கு இடிக்கிற மாதிரி அப்பா.

"நல்லா இருக்குப்பா! பெத்த பொண்ணைத் துரத்திட்டு, இதைத்தான் பாக்குறீங்களா?"

அப்பா திரும்பினார். திட்டவில்லை. கண் கலங்கியிருந்தது.

"வாயாடி, இங்க வா. இந்த கவுனைப் பாரு."

"கவுன் எங்கப்பா இருக்கு? முதுகுதான் இருக்கு."

"இருக்கிறதைப் பாருடி! லேஸைக் கையாலயே வெச்சுத் தைச்சிருக்கு. தையல் எந்தப் பக்கம் சாயுது?"

பார்த்தேன். "நீங்க தைக்கிறதுக்கு எதிர்ப்பக்கம்."

"முடியிற இடத்துல?"

"தையல் மேல தையல். குட்டி நட்சத்திரம் மாதிரி."

அம்மா என்னைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள்.

"கடைக்கு ஒரு அம்மா வந்தாங்க. போன்ல இந்த சீரிஸ் மூணாவது கதையில வர்ற கவுனைக் காட்டி, இதே மாதிரி வேணும்னாங்க. பாத்ததும் கத்தரிக்கோல் கீழ விழுந்துடுச்சு" என்றார் அப்பா.

"அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"தப்பாயிருந்தா உங்கம்மா தாங்குவாளா? அதான் திரும்பத் திரும்பப் பாத்தேன். அவதான், உங்கக்கா தையல்தான். நல்லா இருக்கா. கை முன்னைவிடத் தேறியிருக்கு."

அம்மா திரையில் அந்த முதுகைத் தடவினாள். லேஸ் ஓரமாகவே தடவினாள்.

"வாயாடி, இந்த சீரிஸ்காரங்க நம்பர் எப்படியாவது தேடிக் குடு. நான்தான் பேசணும்" என்றார் அப்பா.

போனை எடுத்தேன். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பீச்சாங்கையால தைக்காதே, முடியிற இடத்துல நூலை வீணாக்காதேன்னு தினமும் அவ கையில அடிப்பீங்களேப்பா?"

அப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அடிச்சேன். நல்லவேளை, நான் சொன்ன எதையும் அவ கேக்கல."